பொத்தானும் தெரிவுப்பட்டியலும்: சிறுபொறிகளை மனிதன் ஆண்ட முறையின் வரலாறு

கருவி செய்தமையே மனிதனை ஏனைய உயிர்களினின்றும் வேறுபடுத்திற்று என்பர். ஆயின் கருவியைச் செய்தல் ஒன்று. அதனை ஆளுதல் பிறிதொன்று. ஏரின் மேழியைப் பற்றிய உழவனுக்குக் கொழு நிலத்திற் செல்லும் ஆழம் கைவழியே தெரிந்தது. தறியின் மிதியும் நாடாவும் நெசவாளனின் காலோடும் கையோடும் ஒன்றியிருந்தன. அக்காலத்திற் கட்டளையும் செயலும் இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. மின்சாரத்தால் இயங்கும் பொறிகள் தோன்றி, அவற்றின் உள்ளமைப்பு கண்ணுக்கும் கைக்கும் எட்டாது போனபோதுதான், பொறிக்கு ஒன்றைச் சொல்வது எவ்வாறு, அது சொல்வதை அறிவது எவ்வாறு என்னும் வினாக்கள் தனிப் பிரச்சினைகளாக எழுந்தன.

இவ்வினாக்களுக்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட விடைகளுள் மிக எளியதாய்த் தோன்றுவது, சில பொத்தான்களும் ஒரு சிறு திரையும் கொண்ட அமைப்பாகும். கைக்கடிகாரம், மருத்துவமனைப் பம்பி, இசைக்கருவி, ஆய்வுகூட அளவி, மாணவன் தன் மேசையிற் கட்டும் வெப்பமானி ஆகிய அனைத்திலும் இவ்வமைப்பே காணப்படுகின்றது. திரையில் ஒரு பட்டியல் தோன்றும். மேல், கீழ், இடம், வலம் என நகர்ந்து, வேண்டியதைத் தெரிவுசெய்தல் வேண்டும். பார்வைக்கு இது இயல்பானதாகவும், மனிதனின் வசதி கருதி அமைக்கப்பட்டதாகவும் தோன்றும். ஆயின் வரலாற்றை நோக்குமிடத்து இது பெரிதும் பற்றாக்குறையின் குழந்தை என்பது புலனாகும். கம்பிகளும் சில்லுகளின் கால்களும் போதாமையாலும், திரையின் இடமும் விலையும் நெருக்கியமையாலும் இவ்வமைப்பு உருவாயிற்று. பொறிக்கு ஏற்பட்ட அப்பற்றாக்குறையின் சுமையை ஈற்றிற் சுமந்தவன் மனிதனே. அச்சுமை எவ்வாறு கைமாறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பிகளின் பஞ்சம்

பொத்தானின் வரலாற்றில் தொலைபேசிக்குச் சிறப்பான இடமுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திவந்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், இணைப்பாளரின் உதவியின்றித் தானாகவே இயங்கும் தொலைபேசி நிலையத்திற்கு 1891ஆம் ஆண்டில் உரிமைக்காப்புப் பெற்றார். தம்மை நாடிய அழைப்புகளை இணைப்பாளர் தம் போட்டியாளருக்கு மாற்றிவிட்டார் என்ற ஐயமே இக்கண்டுபிடிப்புக்குத் தூண்டுகோலாயிற்று என ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் இம்முறையிலான முதல் நிலையம் திறக்கப்பட்டது.

அம்முறையின் தொடக்ககால வடிவில், அழைப்பவர் தந்திச் சாவிகளைப் போன்றவற்றை உரிய எண்ணிக்கைப்படி தட்டவேண்டியிருந்தது. மூன்று தடவை தட்டினால் மூன்று, ஏழு தடவை தட்டினால் ஏழு. எண்ணுவது மனிதனின் வேலையாயிருந்தது. அத்துடன் வெவ்வேறு சாவிகளுக்கு வெவ்வேறு கம்பிகள் நிலையம்வரை செல்லவேண்டியிருந்தமையால், நகரம் முழுவதற்கும் இம்முறையை விரிப்பது கட்டுபடியாகவில்லை. 1896ஆம் ஆண்டளவிற் சுழல்தட்டு வந்ததும் இரு இடர்களும் ஒருங்கே நீங்கின. விரலை உரிய துளையில் வைத்துச் சுழற்றிவிட்டால், தட்டு திரும்பி வரும்போது அதுவே எண்ணிக்கையைச் செய்து, துடிப்புகளாக இரு கம்பிகளின் வழியே அனுப்பியது. பல கம்பிகளிற் பரந்து சென்ற செய்தி, ஒரே வழியிற் காலவரிசைப்படி செல்லலாயிற்று. சுருங்கக் கூறின், கம்பியை மிச்சம் பிடிப்பதற்காக நேரம் செலவிடப்பட்டது. பின்வந்த ஒவ்வொரு கட்டத்திலும் இப்பண்டமாற்று வெவ்வேறு உருவில் மீண்டும் நிகழ்ந்திருத்தல் மனங்கொள்ளத்தக்கது.

அழுத்து பொத்தான் தொலைபேசிக்கு மீண்டும் வந்தது 1963ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி, பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னகி, கிரீன்ஸ்பேர்க் ஆகிய ஊர்களிலாகும். பத்துப் பொத்தான்களின் செய்தியையும் அதே இரு கம்பிகளில் அனுப்புவது எங்ஙனம்? பெல் ஆய்வுகூடத்தினர் இதற்குக் கண்ட வழி அழகானது. பொத்தான்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கி, ஒவ்வொரு நிரைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி மீடிறனைக் கொடுத்தனர். 697, 770, 852, 941 ஹேர்ட்ஸ் என்பன நிரைகளுக்குரியன. 1209, 1336, 1477 ஹேர்ட்ஸ் என்பன நிரல்களுக்குரியன. ஒரு பொத்தானை அழுத்தினால் இரு மீடிறன்கள் ஒருங்கே ஒலிக்கும். நிலையம் அவ்விரண்டையும் பிரித்தறிந்து எண்ணைக் கண்டுகொள்ளும். 1968இல் உடுக்குறியும் வேலிக்குறியும் சேர்ந்து பொத்தான்கள் பன்னிரண்டாயின.

இவ்விடத்து இன்னொரு செய்தியும் முக்கியத்துவம் பெறுகின்றது. பொத்தான்களை எவ்வாறு அடுக்குவது என்பதைப் பெல் ஆய்வுகூடத்தினர் ஊகத்தால் முடிவுசெய்யவில்லை. தென்னாபிரிக்காவிற் பிறந்த உளவியலாளரான ஜோன் கார்லின் தலைமையில் அங்கு இயங்கிய குழுவினர் பல்வேறு அடுக்குமுறைகளை மனிதர்களைக் கொண்டே சோதித்தனர். அச்சோதனைகளின் முடிவுகளை டெயினிங்கர் 1960இல் வெளியிட்டார். மேல்நிரையில் ஒன்று, இரண்டு, மூன்று என அமைந்த இன்றைய அடுக்கு அவ்வாய்வுகளின் பயனாகும். கம்பியின் சிக்கனத்தையும் கையின் வசதியையும் ஒருங்கே எண்ணிப்பார்த்த முயற்சி அது. பின்னர் வந்த சிறுபொறிகள் எல்லாவற்றுக்கும் இப்பேறு கிடைத்தது எனக் கூறுதற்கில்லை.

கால்களின் பஞ்சம்

தொலைபேசியிற் கம்பிகள் அரியனவாயிருந்தன. சில்லுகளின் காலத்தில் அவ்விடத்தைச் சில்லின் கால்கள் பிடித்தன. யப்பானிய நிறுவனமாகிய பிசிகொம் தன் கணிப்பான்களுக்கெனச் சில்லுகளை ஆக்கித் தருமாறு 1969இல் இன்டெல் நிறுவனத்தை நாடிற்று. டெட் ஹொவ், ஸ்டான்லி மேசர், பெடரிக்கோ பாஜின், யப்பானியரான மசதோஷி ஷிமா ஆகியோரின் உழைப்பால் 1971ஆம் ஆண்டு நவம்பரில் 4004 என்னும் நுண்முறைவழியாக்கி வெளிவந்தது. ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்களைக் கொண்ட அச்சில்லுக்கு வெளியுலகத்தோடு பேசுவதற்கு இருந்த கால்கள் பதினாறே. உள்ளே ஆயிரக்கணக்கிற் பெருகிய ஆற்றல், வெளியே பதினாறு வாயில்களின் வழியே நெருக்கிக்கொண்டு செல்லவேண்டியிருந்தது.

முறைவழியாக்கி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு வாயில்கள் அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கிய டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 வரிசை 1974இற் பொதுவிற்பனைக்கு வந்தது. இன்டெல் நிறுவனத்தின் 8048 என்பது 1976இலும், 8051 என்பது 1980இலும் தோன்றின. நுண்கட்டுப்படுத்தி எனப்படும் இனம் இவ்வாறு நிலைபெற்றது. காலங்கள் செல்லச்செல்லச் சில்லினுள்ளே அடங்கிய திரான்சிற்றர்களின் தொகை பன்மடங்காயிற்று. கால்களோ அவ்வளவிற் பெருகவில்லை. ஒவ்வொரு காலுக்கும் உலோகமும் இடமும் ஒட்டுவேலையும் தேவைப்பட்டன. ஆதலால் உள்ளே கணிப்பது மலிவாகவும், வெளியே ஒரு கம்பியை இழுப்பது ஒப்பளவில் விலைகூடியதாகவும் ஆயின. சிறுபொறிகளின் முகப்பு ஏன் இவ்வாறு அமைந்தது என்பதற்கு இப்பொருளியல் உண்மை முதன்மையான காரணமாகும்.

கணிப்பான்களைச் செய்தோர் பொத்தான்களை நிரை நிரலாக அடுக்கி, நிரைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும் முறையைக் கையாண்டனர். நான்கு நிரையும் மூன்று நிரலுமாகப் பன்னிரு பொத்தான்களை வைத்தால் ஏழு கால்கள் போதும். அதனினும் குறைக்கவேண்டின், பொத்தான்களின் தொகையையே குறைத்தல் வேண்டும். ஒரு பொத்தானுக்கு ஒரு பொருள் என்ற நிலை மாறி, ஒரு பொத்தானுக்குப் பல பொருள் என்ற நிலை தோன்றுவதற்கு இதுவே வாயிலாயிற்று.

சிறு திரையும் பல பொருட் பொத்தானும்

பல பொருட் பொத்தானுக்குத் திரை இன்றியமையாதது. பொத்தானின் பொருள் இப்போது யாது என்பதை எங்கேனும் எழுதிக்காட்ட வேண்டுமல்லவா? அமெரிக்காவில் 1972இல் விற்பனைக்கு வந்த பல்சர் என்னும் இலக்கமுறைக் கைக்கடிகாரம் பொன்னுறையோடு 2,100 டொலர் விலைபெற்றது. அதன் செந்நிற ஒளியிலக்கங்கள் மின்கலத்தை விரைவில் விழுங்கிவிடும் என்பதால், நேரம் பார்க்க விரும்பியவர் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தவேண்டியிருந்தது. ஒரு பார்வையில் அறிந்த நேரத்தை இரு கைகளையும் ஈடுபடுத்தி அறியும் நிலை செல்வர்க்கு முதலில் வாய்த்தது விந்தையே.

இத்தடையை நீக்கியது திரவப் பளிங்காகும். பிராக் நகரில் பணியாற்றிய ஒஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிற்சர் 1888இற் கண்ட ஒரு விந்தைப் பொருள், எண்பது ஆண்டுகளாக ஆய்வுகூட அளவிலேயே இருந்தது. 1968இல் ஐக்கிய அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹைல்மயர் குழுவினர் அதனைக் கொண்டு காட்சித்திரை அமைத்துக் காட்டினர். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மார்டின் ஷாட், வொல்ப்காங் ஹெல்பிரிக் ஆகிய இருவரும் 1970இல் முறுக்கு அமைப்பைக் கண்டதும், மிகச் சிறிய மின்வலுவில் இயங்கும் திரை கைகூடிற்று. சீகோ நிறுவனம் 1973இல் ஆறிலக்கத் திரவப் பளிங்குக் கைக்கடிகாரத்தை வெளியிட்டது.

நான்கு திசைகளிலும் நகரும் பழக்கம் பரவுவதற்கு விளையாட்டும் ஒரு காரணமாகும். யப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பெய் யோக்கோய், திரவப் பளிங்குத் திரை கொண்ட கையடக்க விளையாட்டுக் கருவியை 1980இல் உருவாக்கினார். 1982இல் வெளிவந்த டொங்கி கொங் விளையாட்டுக்கென அவர் அமைத்த சிலுவை வடிவான திசைப்பொத்தான், கட்டைவிரலொன்றினாலேயே நான்கு திசையையும் ஆளும் வழியைக் காட்டிற்று. இன்று நுண்கட்டுப்படுத்திப் பலகைகளிற் காணப்படும் மேல், கீழ், இடம், வலம் என்னும் பொத்தான் அடுக்கை இம்மரபினின்றும் பிரித்து நோக்குவது கடினம்.

சிறு திரையும் பல பொருட் பொத்தானும் சேர்ந்தமையால் விளைந்த நன்மை தீமைகளை ஒருங்கே காட்டுவதற்கு யமஹா நிறுவனம் 1983இல் வெளியிட்ட டி.எக்ஸ். 7 என்னும் இசைக்கருவி தக்க சான்றாகும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இற் கண்ட மீடிறன் மாற்று முறையே அதன் அடிப்படை. அதற்கு முன்னர், 1970இல் வந்த மினிமூக் போன்ற கருவிகளில் ஒலியின் ஒவ்வொரு பண்புக்கும் ஒவ்வொரு திருகு இருந்தது. கருவியின் முகத்தைப் பார்த்தாலே ஒலியின் நிலை தெரிந்தது. கையை நீட்டினாலே அது மாறிற்று. டி.எக்ஸ். 7 கருவியில் ஆறு அலைவாக்கிகளும், அவற்றை இணைப்பதற்கு 32 முறைகளும் இருந்தன. மாற்றத்தக்க அளவுகள் நூற்றுக்கு மேற்பட்டன. அத்தனைக்கும் திருகு வைத்தால் விலை தாங்காது. எனவே 32 மென்தகட்டுப் பொத்தான்களும், ஒரு வழுக்கியும், வரிக்குப் பதினாறு எழுத்தாக இரு வரிகள் கொண்ட திரவப் பளிங்குத் திரையும் வைக்கப்பட்டன. அதே பொத்தான்கள் ஒரு நிலையில் ஒலியைத் தெரிவுசெய்யும். வேறொரு நிலையில் மாற்றவேண்டிய அளவைத் தெரிவுசெய்யும். ஒலிக்குப் பெயர் எழுதும்போது எழுத்துகளாகவும் பயன்படும்.

இதன் விளைவு இருவகைப்பட்டது. பெருஞ் செலவிலன்றிப் பெறமுடியாதிருந்த ஒலிவளம் பலர்க்கும் எட்டியது. கருவி இலட்சத்துக்கும் மேலாக விற்பனையாயிற்று. மறுபுறத்தில், அதன் உள்ளே சென்று புதிய ஒலியை உருவாக்க முனைந்தோர் சிலராகவே இருந்தனர். பலரும் தொழிற்சாலையில் அமைத்துத் தந்த ஒலிகளோடு அமைந்துவிட்டனர். மீடிறன் மாற்று முறையின் நுட்பமும் இதற்கு ஒரு காரணமே. ஆயினும் ஒரு நேரத்தில் ஓரளவை மட்டும் காட்டும் சிறு சாளரத்தினூடே பெரியதொரு மாளிகையை நோக்கவேண்டியிருந்தமையும் காரணமாகும். ஆற்றல் உள்ளே இருந்தது. அதற்குச் செல்லும் வழி ஒடுங்கியிருந்தது.

ஒரு காலில் ஐந்து பொத்தான்கள்

நோர்வேயின் துரொன்ஹைம் நகரில் மாணவராயிருந்த ஆல்ப் எகில் பூகன், வெகார்ட் வொலன் ஆகியோரின் எண்ணத்திற் பிறந்து, பின்னர் அட்மெல் நிறுவனத்தாற் சந்தைக்கு வந்த ஏ.வி.ஆர். இனச் சில்லுகளும், இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் மசிமோ பான்சி முதலியோர் தொடங்கிய ஆர்டுயினோ பலகையும், நுண்கட்டுப்படுத்தியைப் பொறியியலாளரின் கையிலிருந்து கலைஞர், மாணவர், பொழுதுபோக்காளர் ஆகியோரின் கைக்குக் கொணர்ந்தன. கொலம்பியரான எர்னான்டோ பராகான் அதே நகரிற் கற்றகாலத்தில் ஆக்கிய வயரிங் என்னும் முயற்சி இதற்கு அடித்தளமாயிருந்தது. 2010இல் வந்த ஊனோ என்னும் பலகையில் இலக்கமுறைக் கால்கள் பதினான்கும், ஒப்புமை அழுத்தத்தை அளக்கும் கால்கள் ஆறும் உள்ளன. இரு வரித் திரையை இணைப்பதற்குக் குறைந்தது ஆறு கால்கள் வேண்டும். ஐந்து பொத்தான்களுக்கு ஐந்து கால்களைக் கொடுத்துவிட்டால், உணரிகளுக்கும் ஏனைய கருவிகளுக்கும் எஞ்சுவன மிகச் சிலவே. பழைய பஞ்சம் மீண்டும் தலைகாட்டிற்று.

இதற்குக் கண்ட தீர்வு, 1827இல் ஜேர்மானியரான ஜோர்ஜ் ஓம் வெளியிட்ட விதியை அடியொற்றியதாகும். மின்னோட்டம் செல்லும் தடையிகளின் வரிசையில் அழுத்தம் தடைகளின் விகிதப்படி பங்கிடப்படும். பரவலாக விற்கப்படும் ஒருவகைத் திரைப் பலகையில் 5 வோல்ற்று வழங்கலிலிருந்து 2,000 ஓம் தடையியொன்று ஒப்புமைக் காலுக்கு வருகின்றது. அக்காலிலிருந்து 330, 620, 1,000, 3,300 ஓம் தடையிகள் சங்கிலியாகச் செல்கின்றன. சங்கிலியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு தடையியின் முடிவிலும் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அது அவ்விடத்தைப் பூச்சிய அழுத்தத்தோடு தொடுக்கும். எப்பொத்தானும் அழுத்தப்படாதபோது கால் காண்பது 5 வோல்ற்று. வலப்பொத்தானை அழுத்தினாற் பூச்சியம். மேற்பொத்தானுக்கு ஏறத்தாழ 0.7 வோல்ற்று, கீழ்ப்பொத்தானுக்கு 1.6, இடப்பொத்தானுக்கு 2.5, தெரிவுப்பொத்தானுக்கு 3.6. சில்லினுள் உள்ள மாற்றி, பூச்சியம் முதல் 5 வோல்ற்று வரையான வீச்சை 0 முதல் 1023 வரையான எண்களாகக் காட்டும். எனவே இப்பொத்தான்களின் எண்கள் முறையே 0, 145, 329, 505, 741 என்பவற்றை அண்டி அமையும். ஒரே கம்பி ஐந்து செய்திகளைச் சுமக்கின்றது.

தொலைபேசியில் மீடிறன் செய்த பணியை ஈண்டு அழுத்தம் செய்கின்றது எனலாம். கைத்தொலைபேசியின் செவிப்பொறியிலுள்ள ஒலிகூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும் இதே நெறியில், ஏறத்தாழ 240 ஓம், 470 ஓம் என்னும் தடைகளால் இனங்காணப்படுவதுண்டு. ஒலிவாங்கிக்குரிய கம்பியே அச்செய்தியையும் சுமந்துவிடுகின்றது.

எனினும் மிச்சம் பிடித்தது எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. தடையிகள் குறித்த பெறுமானத்தினின்றும் சிறிது விலகியிருத்தல் இயல்பு. பொத்தானின் தொடுகை காலப்போக்கில் அழுக்கேறித் தானே ஒரு தடையாகும். ஆகவே குறித்த எண்ணைத் தேடுவது தவறு. இரு எண்களுக்கும் இடைப்பட்ட நடுவெல்லையைக் கொண்டு வகுத்தலே முறையாகும். வழங்கல் அழுத்தம் சிறிது தளர்ந்தால் என்னாகும் என்ற ஐயம் எழலாம். அளக்கும் கோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே வழங்கலைச் சார்ந்திருப்பின் இரண்டும் ஒருங்கே தளர்வதால் விகிதம் மாறாது. இம்முறையின் சிறப்பு அதுவாகும். ஆயின் இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால், சங்கிலியில் முன்னுள்ள பொத்தானின் குரலே கேட்கும். மற்றையது அழுத்தப்பட்டதைச் சில்லு அறியவே மாட்டாது.

இவற்றினும் நுட்பமானது தொடுகையின் துள்ளலாகும். உலோகத் தகடு மற்றொன்றோடு மோதும்போது சில மில்லி செக்கன்களுக்குத் துள்ளித் துள்ளியே அமைகின்றது. மனிதன் ஒருமுறை அழுத்தியதைச் சில்லு பலமுறை அழுத்தியதாகக் கொள்ளலாம். ஒப்புமை முறையில் இன்னொரு தீங்கும் உண்டு. அழுத்தம் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குச் செல்லும் இடைப்பொழுதில் அளந்துவிட்டால், அழுத்தப்படாத வேறொரு பொத்தானின் எண் தோன்றக்கூடும். ஆதலால் ஒருமுறை அளந்து, சிறிது பொறுத்து மீண்டும் அளந்து, இரண்டும் ஒத்திருந்தாலன்றிச் செயற்படாதிருத்தல் வேண்டும். விரலை எடுத்த பின்னரே அடுத்த அழுத்தத்தை ஏற்றலும் வேண்டும். கம்பியில் மிச்சம் பிடித்ததை நிரலெழுதுவோன் தன் கவனத்தால் ஈடுசெய்ய வேண்டியவனாகின்றான்.

பட்டியலில் வழி தேடுதல்

பொத்தானைச் சரியாக இனங்கண்டது பாதி வேலையே. அதன் பொருளை முடிவுசெய்வது பட்டியலின் அமைப்பாகும். நாற்பது தெரிவுகள் ஒரே நீள்வரிசையில் இருப்பின், கடைசித் தெரிவை அடைவதற்கு முப்பத்தொன்பது முறை கீழ்ப்பொத்தானை அழுத்தி, மேலும் ஒருமுறை தெரிவுப்பொத்தானை அழுத்துதல் வேண்டும். அவற்றை எட்டெட்டாக ஐந்து தொகுதிகளில் வகுத்தால், மிகத் தொலைவிலுள்ளதை அடைவதற்கும் பதின்மூன்று அழுத்தங்கள் போதும். கையின் உழைப்பு மூன்றிலொன்றளவாகக் குறைகின்றது. ஆயின் புதியதோர் உழைப்பு தோன்றுகின்றது. தேடும் பொருள் எத்தொகுதியில் இருக்கும் என்பதை மனம் ஊகிக்க வேண்டும். இரு வரிகளே தெரியும் திரையில், தான் நிற்கும் இடம் எது, வந்த வழி எது என்பவற்றையும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். வகுத்தவனின் மனத்தில் இருந்த ஒழுங்கும் பயன்படுத்துவோனின் மனத்திலுள்ள ஒழுங்கும் ஒன்றாக இருக்குமென்பதற்கு உறுதியில்லை.

சிரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுகூடத்திற் பணியாற்றிய லாரி டெஸ்லர், ஒரே சாவி வெவ்வேறு நிலைகளில் வெவ்வேறு பொருள் தருவதைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். அவர் ரிம் மொட்டுடன் சேர்ந்து 1970களின் நடுப்பகுதியில் ஆக்கிய ஜிப்சி என்னும் எழுத்துத் தொகுப்பி அக்கொள்கையின் வழிப்பட்டது. பெரிய திரையும் சுட்டியும் விரிந்த நினைவகமும் கொண்ட கணனியில் அவருடைய கொள்கை பெருமளவு வெற்றிபெற்றது. சிறுபொறியிலோ நிலைமாற்றத்தை முற்றாக ஒழித்தல் இயலாது. ஆதலின் அங்கு செய்யத்தக்கது, நிலையை மறைக்காது காட்டுவதேயாகும். தலைப்பை மேல்வரியில் நிறுத்துதல், எவ்விடத்திலிருந்தும் பின்செல்ல ஒரே பொத்தானை ஒதுக்குதல், மீட்கமுடியாத செயலுக்கு முன் உறுதி கேட்டல் என்பன சிறிய ஒழுங்குகள்தாம். ஆயினும் அவை தவறும்போது விளைவு சிறியதாக இருப்பதில்லை.

பிழையின் விலை

கைக்கடிகாரத்தில் நேரம் தவறிப் பதிவானால் ஒருவர் பேருந்தைத் தவறவிடலாம். நோயாளியின் குருதிக்குழாயில் மருந்து செலுத்தும் பம்பியிலும் ஏறத்தாழ இதே பொத்தான்களும் இதே சிறு திரையுமே உள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2005 முதல் 2009 வரையான ஐந்தாண்டுகளில் இத்தகைய பம்பிகளோடு தொடர்புடைய தீங்குகள் குறித்து ஏறத்தாழ 56,000 அறிக்கைகளைப் பெற்றது. காயங்களும் இறப்புகளும் அவற்றுள் அடங்கும். அதே காலப்பகுதியில் 87 முறை பம்பிகள் திரும்பப் பெறப்பட்டன. 2010இல் அந்நிருவாகம் எடுத்துக்காட்டிய குறைபாடுகளுள், ஒருமுறை அழுத்திய சாவியைப் பொறி பலமுறை அழுத்தியதாகக் கொள்ளும் துள்ளற் குறைபாடும் ஒன்றாகும். விளங்காத திரைமொழியும் அவற்றோடு சேர்த்துச் சுட்டப்பட்டது. பூச்சியம் ஒன்று மிகையாகப் பதிவாயின் பத்து நூறாகும். மாணவனின் மேசையிற் சிறு தொல்லையாகத் தோன்றிய அதே துள்ளல், மருத்துவமனைக் கட்டிலருகே உயிர்ப் பிரச்சினையாகின்றது.

இத்தகைய பிழைகள் நிகழும்போது ‘பயன்படுத்தியவரின் கவனக்குறைவு’ என்று கூறி அமைவது எளிது. ஆயின் மேற்கண்ட வரலாற்றை நோக்குவோர் அவ்வாறு அமைதல் இயலாது. பொத்தானைக் குறைத்ததும், பொருளைப் பெருக்கியதும், திரையைச் சுருக்கியதும் பயன்படுத்துவோர் அல்லர். பொறியின் செலவிலிருந்து குறைக்கப்பட்ட ஒவ்வொன்றும் தாதியின் நினைவிலும் கவனத்திலும் ஏற்றப்பட்டுள்ளது.

எழுத்துக்கு இடம் எங்கே?

இவ்வரலாற்றில் மொழியின் பக்கமும் ஒன்றுண்டு. இரு வரித் திரைகளிற் பெரும்பாலானவற்றை இயக்கும் முறை, யப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் ஆக்கிய எச்.டி. 44780 என்னும் சில்லின் வழிப்பட்டது. அச்சில்லின் நிலைநினைவகத்தில் எழுத்துருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு வகையில் ஆங்கில எழுத்துகளோடு யப்பானியரின் கத்தக்கானா எழுத்துகளும் உள்ளன. இன்னொரு வகையில் ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துகள் உள்ளன. ஏனைய மொழியினர்க்கு எஞ்சியது பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்ளத்தக்க எட்டு எழுத்துகளின் இடம் மட்டுமே. அதுவும் ஐந்து புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் கொண்ட கட்டத்துள் அடங்குதல் வேண்டும்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையுடைய தமிழுக்கு எட்டு இடம் எம்மூலைக்குப் போதும்? ணகரமும் ஐகாரமும் ஐந்து புள்ளி அகலத்தில் உருக்குலைந்துபோகும். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன் நிற்பன. ஒகர, ஓகாரக் குறிகள் இருபுறமும் அணைப்பன. 1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது என்பது உண்மையே. ஆயின் எழுத்துக்கு எண் கிடைத்தல் வேறு. அவ்வெழுத்தைத் திரையில் உரிய ஒழுங்கிற் காட்டுதல் வேறு. 128க்கு 64 புள்ளிகள் கொண்ட வரைபுத் திரையிற் தமிழை வரையலாம். ஆயின் அத்திரையின் 8,192 புள்ளிகளையும் நினைவில் வைப்பதற்கு 1,024 பைட்டு வேண்டும். ஊனோ பலகையின் சில்லிலுள்ள மாறுநினைவகம் முழுவதும் 2,048 பைட்டே. தன் மொழியில் ஒரு பட்டியலைக் காட்ட விரும்புவோன், அந்நினைவகத்திற் பாதியை அதற்கெனவே இழக்க நேர்கின்றது. ஆங்கிலத்தில் எழுதுவோன் இவ்விலையைக் கொடுப்பதில்லை.

இதனை எவரும் தமிழுக்கு எதிராகத் திட்டமிட்டுச் செய்தார் எனல் பொருந்தாது. தம் சந்தையை நோக்கிச் செய்தோர் தம் மொழிக்கு இடம் வைத்தனர், அவ்வளவே. யப்பானியர் தம் எழுத்தைத் தாமே செதுக்கிக்கொண்டமையால் அது சில்லிலே நிலைத்தது என்னும் உண்மை, பொறியை ஆக்குவோர்க்கும் பொறியை வாங்குவோர்க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது.

முடிவாக நோக்குமிடத்து, லா போர்ட் நகரின் தந்திச் சாவியிலிருந்து ஒப்புமைப் பொத்தான்வரை ஒரு தொடர்ச்சி புலனாகின்றது. வழி குறுகும்போதெல்லாம் மனிதன் அறிவால் அதனை விரித்துள்ளான். துடிப்பாலும் மீடிறனாலும் அழுத்தத்தாலும் ஒரு கம்பியைப் பல கம்பியாக்கியுள்ளான். அது வியக்கத்தக்க சாதனையே. ஆயின் ஒவ்வொரு சாதனையின் பின்னும், மிச்சமானது எது, அதன் சுமை எவர் தலையில் இறங்கியது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. கார்லின் குழுவினர் 1960ஆம் ஆண்டுக்கு முன்னரே அவ்வினாவை எழுப்பி, மனிதர்களை அழைத்துப் பொத்தான்களை அழுத்தச் செய்து விடை கண்டனர். அவர்களிடம் இருந்த வசதிகள் ஒரு மாணவனிடம் இல்லாதிருக்கலாம். ஆயின் தான் கட்டிய கருவியைப் பயன்படுத்தப்போகின்றவரின் கையிற் கொடுத்து, அவர் எங்கே தயங்குகின்றார் என்று பார்த்திருப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை.